வகுப்பு நேரத்தில் கொஞ்சம் மாணவர்களுக்கும்: கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்லூரி ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

நான் கல்லூரியை விட்டு வெளியே வந்து வருடங்கள் பல ஓடிவிட்டன. படித்தது இயற்பியல், இப்போது பார்க்கிற வேலையில் அதற்கு நேரடியாக எந்த இடமும் இல்லை. கூடப் படித்தவர்களில் பலருடைய நிலையும் இதுதான். எப்போதாவது ஒன்றுசேரும்போது பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: அங்கே உட்கார்ந்து என்னதான் கற்றுக்கொண்டோம்? ஆளுக்கு ஒரு பதில் சொல்வோம். ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்ததே இல்லை. நீங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது பெரும்பாலும் தேர்வோடு போய்விட்டது. நீங்கள் எங்கள் கையில் கொடுத்துச் செய்யச் சொன்னது, பலகைக்கு முன்னால் நிறுத்தி விளக்கச் சொன்னது, பதில் தெரியாமல் விழித்தபோது பக்கத்தில் நின்று இன்னொரு கேள்வி கேட்டது, இவையெல்லாம் இன்றைக்கும் கூடவே இருக்கின்றன.

அதனால் ஒரு வேண்டுகோளோடு எழுதுகிறேன். எங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு வகுப்பு நேரத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுங்கள். ஒரு மணி நேர வகுப்பில் இருபது நிமிடமாவது அவர்கள் பேசட்டும், போட்டுப் பார்க்கட்டும், தப்பு செய்யட்டும்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உங்கள் மேல் எனக்கு இருப்பது நன்றிதான். ஆனால் பொத்தாம்பொதுவாக நன்றி சொல்லிவிட்டுப் போனால் உங்களுக்கு அதில் ஒரு பயனும் இல்லை. எதற்கு நன்றி என்று விவரமாகச் சொன்னால்தான் அதை இன்னொரு முறை செய்ய உங்களுக்கு வசதியாக இருக்கும்.

முதல் வருடம், ஆய்வுக்கூடத்தில் நடந்தது ஒன்று. தனி ஊசல் சோதனை. நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, இருபது அலைவுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்த்து, நூலின் நீளத்தை மாற்றி மாற்றித் திரும்பச் செய்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். விடை 9.8 என்பது சோதனை தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். எங்கள் மேசையில் முதல் நீளத்துக்கு 9.3 வந்தது. இந்த மாதிரி நேரத்தில் மாணவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? அலைவு நேரத்தைக் கொஞ்சம் குறைத்து எழுதினால் போதும், 9.8 வந்துவிடும். ஆய்வுக்கூடம் முழுக்க ரப்பர் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று பொறுப்பில் இருந்த ஆசிரியர் எங்கள் நோட்டைப் பார்த்தார். "எதையும் அழிக்காதீங்க. எல்லா நீளத்துக்கும் ரீடிங் எடுத்துட்டு கிராஃப் போட்டு வைங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். கிடை அச்சில் அலைவு நேரத்தின் வர்க்கம், செங்குத்து அச்சில் நீளம். புள்ளிகள் எல்லாம் பிசகாமல் ஒரே நேர்கோட்டில் வந்தன. ஆனால் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை. நீளத்தின் அச்சைப் பூஜ்யத்துக்குக் கீழே, ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டரில் வெட்டியது. திரும்பி வந்தவர் அந்த வெட்டுப்புள்ளியில் பென்சில் முனையை வைத்து, "இந்த ரெண்டரை சென்டிமீட்டர் எங்கே போச்சு?" என்று கேட்டார். வேறு எதுவும் சொல்லவில்லை. பென்சிலை அங்கேயே வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

நாங்கள் ஊசலையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றோம். என்னோடு சோதனை செய்துகொண்டிருந்த தோழிதான் முதலில் பிடித்தாள். நூலை முடிச்சு வரைக்கும் அளந்திருக்கிறோம்; அளக்க வேண்டியது குண்டின் நடுப்புள்ளி வரைக்கும். கொக்கியின் உயரத்தையும் குண்டின் ஆரத்தையும் அளந்து கூட்டினால் அந்த இரண்டரை சென்டிமீட்டர் அப்படியே கிடைத்தது. விட்டுப்போன நீளம் எல்லா ரீடிங்கிலும் ஒரே அளவுதான் என்பதால் கோட்டின் சாய்வு மாறவில்லை. சாய்வை வைத்துக் கணக்குப் போட்டபோது விடை 9.8-க்குப் பக்கத்தில் வந்து நின்றது, ஒரு ரீடிங்கைக்கூட மாற்றாமலே.

ஊசலின் சூத்திரத்தை இப்போது கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன். ஆனால் இரண்டு கணக்கு ஒத்துப்போகாதபோது, வித்தியாசத்தைச் சரிக்கட்டுவதற்கு முன்னால் அது எங்கிருந்து வருகிறது என்று தேடுகிற பழக்கம் எனக்கு அந்த மேசையில் வந்தது. நான் சம்பாதிப்பதே அந்தப் பழக்கத்தால்தான் என்று சொன்னால் மிகையில்லை. இதையே அவர் கால் மணி நேரம் அறிவுரையாகச் சொல்லியிருந்தால் எழுதிக்கொண்டு, அடிக்கோடும் போட்டு, அடுத்த வாரம் மறந்திருப்போம். அவர் கேட்ட கேள்விக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சொல்லிக் கேட்டது ஏன் நிற்பதில்லை? எங்கள் அசட்டை ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மனித நினைவின் இயல்பே அப்படித்தான் இருக்கிறது. ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்காஸ் என்ற உளவியலாளர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இல் எழுதினார். மறதி சீராக நடப்பதில்லை. முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி சரிந்துவிடுகிறது, மிச்சம் இருப்பது மெல்ல மெல்லக் கரைகிறது. ஒரே மூச்சில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நாட்களைப் பிரித்துப் படித்தால் நிற்கும் என்பதையும் அவரே கண்டுசொன்னார். நூற்றைம்பது வருடம் ஆகப்போகிறது. இன்றைக்கும் தேர்வுக்கு முந்தின இரவு விடுதி அறைகளில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த ஆய்வு ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்களிடம் சிறிய உரைநடைப் பகுதி ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதை நான்கு சுற்றிலும் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் முதல் சுற்றில் மட்டும் படித்தார்கள். மிச்ச மூன்று சுற்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள்: அவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71 சதவீதம். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழ். படித்தவர்களுக்கு 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். இதில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது இன்னொன்று. தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதல் நம்பிக்கையோடு சொன்னவர்கள் திரும்பப் படித்தவர்கள்தான். படித்துக்கொண்டே இருந்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அந்தத் தெரிந்த மாதிரியை நம்பித்தான் நாங்கள் கல்லூரிக் காலம் முழுவதையும் ஓட்டினோம்.

இதை வகுப்பில் பயன்படுத்த எந்தச் செலவும் இல்லை. வகுப்பு தொடங்கும்போது நோட்டை மூடச் சொல்லி, போன வகுப்பில் என்ன பார்த்தோம் என்று ஐந்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் வேண்டாம், தாளை வாங்கக்கூட வேண்டாம். எங்கே தடுக்குகிறது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

சொல்லச் சொல்ல எழுதுகிற முறை எங்கிருந்து வந்தது என்று யோசித்திருப்பீர்கள். இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் புத்தகம் என்பது கையால் படியெடுத்த அரிய பொருள். ஆசிரியர் மேடையிலிருந்து வாசித்து விளக்குவார், மாணவர்கள் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். அன்றைக்கு அதற்கு ஒரு நியாயம் இருந்தது. 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் குட்டன்பர்க் அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அப்புறம் நகலெடுக்கும் இயந்திரம் வந்தது, இணையம் வந்தது, இப்போது எல்லாப் புத்தகமும் மாணவர்களின் சட்டைப்பையில் இருக்கிறது. ஆனாலும் ஓர் அறையில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருப்பது நிற்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடியிருக்கிற அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு விலைமதிப்பானது! தனியாக உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைக்கு அதைச் செலவழிப்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

"நான் சும்மா நோட்ஸ் சொல்கிறவன் இல்லை, நன்றாக விளக்கிச் சொல்கிறேன்" என்று உங்களில் பலர் சொல்வீர்கள். உண்மைதான், எனக்குக் கிடைத்தவர்களிலும் அருமையாக விளக்குகிறவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காக எரிக் மசூரின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு நல்ல மதிப்பீடு கொடுத்தார்கள், தேர்விலும் கடினமான கணக்குகளைச் சரியாகப் போட்டார்கள். நன்றாகத்தான் கற்றுக்கொடுக்கிறோம் என்று அவரும் நம்பிக்கொண்டிருந்தார். 1990-இல், விசையைப் பற்றிய மிக அடிப்படையான கேள்விகள் கொண்ட ஒரு சோதனையைப் பற்றிப் படித்துவிட்டு, அதைத் தன் மாணவர்களுக்கும் வைத்தார். சூத்திரமோ கணக்கோ இல்லாத, அன்றாடப் பேச்சில் எழுதப்பட்ட கேள்விகள். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுதுவதா, இல்லை நாங்கள் இதைப் பற்றி நினைக்கிறபடி எழுதுவதா என்று கேட்டாராம். முடிவைப் பார்த்தால், கணக்குகளைச் சரளமாகப் போட்ட பலர் இந்த எளிய கேள்விகளில் தடுமாறியிருந்தார்கள்.

அந்த மாணவியின் கேள்வியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் வகுப்பில் அதை யாரும் கேட்கவில்லை. ஆனால் நாங்கள் எல்லோருமே இரண்டு அலமாரி வைத்திருந்தோம்: தேர்வில் எழுதுவதற்கு ஒன்று, உண்மையில் நம்புவதற்கு ஒன்று.

மசூர் அதன் பிறகு எப்படியெல்லாமோ விளக்கிப் பார்த்தார். ஒருநாள் எந்த விளக்கமும் எடுபடாமல் போகவே, பக்கத்தில் இருப்பவர்களோடு பேசிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். அரங்கமே பேச்சில் அதிர்ந்தது. சில நிமிடத்தில் அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிப் புரிந்துகொண்டுவிட்டார்கள். அப்போதுதான் ஒன்றைப் புரிந்துகொண்ட மாணவருக்கு அது ஏன் புரியாமல் இருந்தது என்பது இன்னும் மறந்திருக்காது. உங்களுக்கு அது எப்போதோ மறந்துபோயிருக்கும். அந்தப் பாடத்தோடு அத்தனை காலம் வாழ்ந்துவிட்டீர்கள். இதிலிருந்துதான் அவர் தன் வகுப்பு முறையையே மாற்றினார். ஒரு கேள்வி கொடுப்பது, தனியாக யோசித்து ஒரு பதிலைத் தேர்வு செய்யச் சொல்வது, பிறகு வேறு பதில் சொன்ன ஒருவரோடு விவாதிக்கச் சொல்வது, மறுபடி பதில் கேட்பது. பார்க்க எளிமையாக இருக்கும். ஆனால் நல்ல கேள்வி ஒன்றைத் தயாரிப்பது ஒரு மணி நேரம் பேசுவதைவிடக் கடினமான வேலை என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மசூருடையது ஒற்றை அனுபவம் இல்லை. 2014-இல் ஸ்காட் ஃப்ரீமனும் அவருடைய குழுவினரும் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆசிரியர் பேச மாணவர்கள் கேட்கிற வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் தோற்றிருந்தார்கள். மாணவர்கள் ஈடுபட்டுச் செய்கிற வகுப்புகளில் 21.8 சதவீதம். நூறு பேரில் பன்னிரண்டு பேர் என்றால் சின்ன விஷயமா? தோற்று, அரியர் வைத்து, ஒரு கட்டத்தில் வருவதையே நிறுத்திவிட்ட நண்பர்கள் எல்லோருக்கும் உண்டு. அவர்களில் சிலர் எங்களைவிடக் கூர்மையானவர்கள்.

"எங்கள் வகுப்பு பெரியது, எங்களுக்கு ஒத்துவராது" என்பீர்கள். ஐம்பது பேருக்குள் இருந்த வகுப்புகளில்தான் பலன் அதிகம் என்பது சரி. ஆனால் பெரிய வகுப்புகளிலும் பலன் இருந்தது என்று அதே தொகுப்பு சொல்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நல்ல ஆசிரியர்கள் மனம் தளர்ந்து பழைய முறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் முறையை மாற்றினால் மாணவர்கள் முணுமுணுப்பார்கள். "சார் நடத்துறதே இல்ல, எங்களையே செய்யச் சொல்றாரு" என்பார்கள். ஹார்வர்டில் லூயி டெலோரியேயும் அவருடைய குழுவினரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. ஒரே பாடப்பகுதி, ஒரு பிரிவுக்குத் தெளிவான, சரளமான விரிவுரை, இன்னொரு பிரிவுக்குத் தாங்களே முட்டிமோதிச் செய்கிற வகுப்பு. சோதனையில் அதிக மதிப்பெண் எடுத்தவர்கள் முட்டிமோதியவர்கள். அதிகம் கற்றதாக உணர்ந்தவர்கள் விரிவுரை கேட்டவர்கள். திணறல் என்பது கற்றுக்கொண்டிருப்பதன் அறிகுறி என்பதை முதல் வாரத்திலேயே மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: மாணவர் மதிப்பீட்டுப் படிவத்தை மட்டும் வைத்து ஓர் ஆசிரியரை எடைபோட வேண்டாம். அந்த மாதம் மாணவர்களுக்குப் பிடிக்காத வகுப்பு, பத்து வருடம் கழித்து அவர்கள் நினைவில் இருக்கிற ஒரே வகுப்பாக இருக்கலாம்.

அப்புறம், திருத்திய விடைத்தாள்கள். எங்களுக்குத் திரும்பி வந்த தாள்களில் பெரும்பாலும் மேலே ஒரு எண் இருக்கும், உள்ளே சிவப்பு டிக். எண்ணைப் பார்ப்போம், பக்கத்தில் இருப்பவரின் எண்ணைப் பார்ப்போம், தாளை மடித்து வைத்துவிடுவோம். ஒரே ஓர் ஆசிரியை மட்டும் விளிம்பில் பென்சிலால் கேள்வி எழுதுவார். முழு மதிப்பெண் கொடுத்த விடையிலும் எழுதுவார். "மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரி எப்படி வந்தது?" "இந்தச் சூத்திரம் எந்த நிபந்தனையில் செல்லாது?" என்று. நான்காவது வரியைப் பாடநூலில் இருந்தபடியே எழுதியிருப்பேன்; அது எப்படி வந்தது என்று யோசித்ததே கிடையாது. அந்தக் கேள்விக்காகத் திரும்ப உட்கார்ந்து போட்டுப் பார்த்த கணக்கு எனக்கு இன்னும் தெரியும்.

ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்தது, ஆனால் கல்லூரிக்கும் யோசிக்க வேண்டியது. ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பிரிவுக்குக் கருத்து மட்டும், இன்னொரு பிரிவுக்கு இரண்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். கருத்து மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டும் பெற்றவர்களுக்கு, மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே, அந்தப் பலன் இல்லை. எண் கண்ணில் பட்டதும் எழுத்து மறைந்துவிடுகிறது. எல்லாத் தாளிலும் உங்களால் எழுத முடியாது, தெரியும். ஒரு பருவத்தில் ஒரே ஒரு தாளையாவது, மதிப்பெண் போடாமல், கேள்விகளை மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். எண்ணை ஒரு வாரம் கழித்துச் சொன்னால் போதும்.

பெயர்கள். இதைப் பற்றி நிறைய எழுத ஆசை. "ஏய், மூணாவது பெஞ்ச்" என்று கூப்பிடப்பட்ட நாட்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்ட முதல் நாளையும் யாரும் மறப்பதில்லை. எழுபது, எண்பது பெயர்களை நினைவில் வைத்துக்கொள்வது எளிதில்லை என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் ஒரு பெரிய உயிரியல் வகுப்பில் மாணவர்கள் மடித்த அட்டையில் பெயர் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளும்படி செய்து பார்த்தார்கள். 2017-இல் அந்த ஆய்வு வெளியானது. ஆசிரியர்களுக்கு உண்மையில் எத்தனை பேர் பெயர் தெரியுமோ அதைவிட அதிகமான மாணவர்கள், தங்கள் பெயர் ஆசிரியருக்குத் தெரியும் என்று நம்பினார்கள். தெரிந்துகொள்ள முயல்கிறார் என்பதே அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. ஓர் அட்டை போதும்.

முதல் வருட மாணவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருகிறவர், வேறு மொழியில் படித்துவிட்டு வருகிறவர், வகுப்பில் தன்னைப் போன்றவர் யாருமே இல்லாதவர், இவர்கள் எல்லோருக்கும் உள்ளே ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கும்: நான் இங்கே இருக்க வேண்டிய ஆள்தானா? ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் போனால், மற்றவர்கள் பாடம் கடினம் என்று நினைப்பார்கள். இவர்களோ, தாங்கள் இந்த இடத்துக்கு லாயக்கில்லை என்று நினைப்பார்கள். கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹென் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் முதல் வருட மாணவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயிற்சி ஒன்றைக் கொடுத்தார்கள். மூத்த மாணவர்கள், எங்களுக்கும் ஆரம்பத்தில் இந்த இடம் நமக்கில்லை என்றுதான் இருந்தது, போகப் போகச் சரியாகிவிட்டது என்று சொன்னதைப் படிக்கவைத்து, அதைத் தங்கள் அனுபவத்தோடு சேர்த்து எழுதவைத்தார்கள். அவ்வளவுதான். அடுத்த மூன்று வருடத்தில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் "உனக்கு மட்டும் இப்படி இல்லை" என்கிற ஒரு வாக்கியத்தைச் சரியான வாரத்தில் சொல்வதற்கு எவ்வளவு வலிமை இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். அதைச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. நீங்களும் ஒரு காலத்தில் கடைசி வரிசையில் புரியாமல் உட்கார்ந்திருந்ததை அவர்களிடம் சொல்லுங்கள்.

உங்களுக்குத் தெரியாததையும் சொல்லுங்கள். கடைசி வருடத்தில் ஒரு வகுப்பு. ஒருவன் கேட்ட கேள்விக்கு ஆசிரியர் பதில் சொல்ல ஆரம்பித்து, பலகையில் பாதி எழுதி, நிறுத்தி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரும்பி, "இது எனக்குத் தெரியல. எப்படித் தேடுறதுன்னு வேணா சேர்ந்து பார்க்கலாம்" என்றார். அந்த மணி நேரம் முழுவதும் அதிலேயே போனது. எந்தப் புத்தகத்தை முதலில் பார்ப்பது, பொருளடக்கத்தில் எந்தச் சொல்லைத் தேடுவது, முழுக் கேள்வியும் முடியாவிட்டால் அதன் எளிய வடிவம் ஒன்றை எப்படி உண்டாக்குவது என்று ஒவ்வொன்றாகச் சத்தமாக யோசித்துக்காட்டினார். தேர்ந்த ஒருவர் தெரியாத இடத்தில் என்ன செய்கிறார் என்பதை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். மற்ற நாட்களில் எல்லாம் தீர்வு தெரிந்த கணக்கைத்தான் நீங்கள் பலகையில் போட்டுக்காட்டினீர்கள். வெளியே வந்த பிறகு எனக்கு அப்படிப்பட்ட கணக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இன்னொன்று சுருக்கமாக. காலி மணி நேரங்களை எல்லாம் கூடுதல் வகுப்பாலும் பயிற்சியாலும் நிரப்பிவிடாதீர்கள். ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளரின் 2018 கணக்கின்படி, அறிமுகம் ஒன்று சாதாரண நட்பாவதற்கே ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கும் மேல். படிக்கட்டிலும் நூலக வாசலிலும் வெட்டியாக உட்கார்ந்திருந்ததாக நீங்கள் நினைத்த நேரங்களில்தான் அந்த மணிகள் சேர்ந்தன. வேலை போனபோதும், வீட்டில் சாவு விழுந்தபோதும் முதலில் வந்து நின்றவர்கள் அந்தப் படிக்கட்டு நண்பர்கள்தான்.

2014-இல் கேலப் நிறுவனமும் பர்டூ பல்கலைக்கழகமும் சேர்ந்து அமெரிக்காவில் 30,000-க்கும் மேற்பட்ட பட்டதாரிகளிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தின. படிப்பில் ஆர்வத்தை மூட்டிய ஓர் ஆசிரியராவது இருந்தாரா, ஆசிரியர்கள் உங்கள் மேல் அக்கறை காட்டினார்களா, உங்கள் கனவுகளை ஊக்குவிக்க ஒருவர் இருந்தாரா? மூன்றுக்கும் உறுதியாக ஆம் என்று சொன்னவர்கள் 14 சதவீதம்தான். அப்படிச் சொன்னவர்கள் இன்று தங்கள் வேலையில் முழு ஈடுபாட்டோடு இருப்பதற்கான வாய்ப்பு, மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். எந்தக் கல்லூரி, அரசுடையதா தனியாருடையதா என்பதைவிட இது பெரிதாகத் தெரிந்தது. நினைவை வைத்துச் சொன்ன பதில்கள் என்பதால் இதுதான் அதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த 14 என்ற எண் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் அந்தப் பதினான்கில் ஒருத்தி. அது எனக்கு யாரோ இரண்டு மூன்று பேரால் வாய்த்தது, முறையாகக் கிடைத்தது இல்லை. அடுத்த வகுப்பறையில் இருந்தவர்களுக்கு வாய்க்கவில்லை.

பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், வருகைப் பதிவேடு, தணிக்கைக் கோப்பு, தேர்வுப் பணி, இதற்கு நடுவில் இதெல்லாம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். ஐந்து அலகுகளையும் முடித்துவிட்டதாகப் பதிவேட்டில் இருக்கும். எங்கள் தலையில் ஒன்றரைதான் ஏறியிருக்கும். ஒரே ஓர் அலகைத் தேர்ந்தெடுங்கள். அதற்கான குறிப்புகளை முன்கூட்டியே கொடுத்துப் படித்துவரச் சொல்லிவிடுங்கள். அந்த அலகுக்கு உரிய வகுப்பு நேரம் முழுவதும் மாணவர்களுடையது. பிடித்திருந்தால் அடுத்த பருவத்தில் இரண்டு அலகு.

எங்களையும் கூப்பிடுங்கள். பழைய மாணவர்களை ஆண்டு விழா மேடைக்கும் நன்கொடைக்கும் மட்டும் கூப்பிடாமல், பருவம் தொடங்கும் முன் ஒரு மதிய நேரம் துறை அறைக்குக் கூப்பிடுங்கள். வேலையில் உயர்ந்தவர்களை மட்டும் வேண்டாம். பாதியில் நின்றவர்கள், வேறு பக்கம் போனவர்கள், வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் வரட்டும். பாடத்திட்டத்தை மேசையில் விரித்து, ஒவ்வொரு அலகாக, இதில் உங்களிடம் என்ன நின்றது, எது போனது, நின்றது எப்படி நின்றது என்று கேளுங்கள். பென்சிலோடு வருகிறோம்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் முன்னாள் மாணவி